பின் ஷாக்கைக் கழற்றும் முன் அளவு நாடாவை எடுங்கள்

ஆஃப்ரோடு பைக் வாங்கிய புதிதில் பலரும் சொல்லும் முதல் குறை, "பின்னாடி ரொம்ப ஹார்டா இருக்கு" என்பதுதான். மெக்கானிக்கிடம் போனால் சி ஸ்பேனரை எடுத்து, ஷாக்கில் இருக்கும் வளையத்தை இரண்டு படி தளர்த்திவிட்டு, "இப்ப உக்காந்து பாருங்க" என்பார். உட்கார்ந்து பார்த்தால் இதமாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது ஷாக் கடைசி வரை அமுங்கி 'டங்' என்று முட்டும். மறுபடி கடைக்குப் போனால் அதே வளையத்தை இறுக்கி அனுப்புவார்கள். மறுபடியும் ஹார்டு என்று தோன்றும்.

இந்தச் சுற்று முடியாமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த வளையம் ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றுவதே கிடையாது. வண்டியின் பின்பக்கம் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது முடிவு செய்கிறது. அதன் பெயர் ப்ரீலோடு.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 9 கிலோ பாரம் கேட்கும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷாக்கில் மாட்டும்போதே வளையத்தை வைத்து அதை 10 மி.மீ. அமுக்கிவிட்டால், உள்ளே 90 கிலோ அழுத்தம் தயாராக உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கின் மேல் 90 கிலோவுக்கு மேல் பாரம் வரும்வரை ஷாக் அசையாது. வந்த பிறகு? ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 9 கிலோதான். வளையத்தைத் தளர்த்தி 5 மி.மீ. ஆக்கினால் 45 கிலோவில் அசையத் தொடங்கும். அதன் பிறகும் மில்லிமீட்டருக்கு 9 கிலோதான். கடையில் உட்காரும்போது வண்டி கூடுதலாகக் கீழே இறங்குகிறது, அதை மனம் 'சாஃப்ட்' என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பள்ளத்துக்காக வைத்திருந்த அசைவில் ஒரு பகுதியை உட்காரும்போதே செலவழித்துவிட்டோம், அவ்வளவுதான்.

சரி, ஷாக் என்று நாம் சொல்லும் அந்த ஒற்றைப் பொருளுக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாய், அதற்குள் நுண்ணிய துளைகளும் மெல்லிய தகடுகளும் கொண்ட பிஸ்டன், இதுதான் டேம்பர். ஸ்பிரிங்கைத் தனியாக விட்டால் ஒரு குழிக்கு ஐந்தாறு முறை குதித்துக்கொண்டே இருக்கும். டேம்பர் அந்த வேகத்தை எண்ணெய் வழியாகச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. ஏசி அறைக் கதவு தானாக மெதுவாக மூடுகிறதே, அந்த டோர் க்ளோசருக்குள் நடப்பதும் இதே வேலைதான். அதன் பக்கவாட்டு ஸ்குரூவைத் திருப்பினால் கதவின் வேகம் மாறுவது போல, விலை கூடிய ஷாக்குகளில் டேம்பருக்கும் திருகுகள் உண்டு. ஆக, ஸ்பிரிங்கின் குறையை டேம்பர் திருகில் தேடக் கூடாது, டேம்பரின் குறையை ப்ரீலோடு வளையத்தில் தேடக் கூடாது.

இரண்டு பக்கமும் இரண்டு ஷாக் இருந்த காலம் ஆஃப்ரோடு பந்தயத்தில் 1970களில் மாறத் தொடங்கியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் ஒற்றை ஷாக் வடிவமைப்பை யமஹா எடுத்துக்கொண்டது. 1973இல் ஹோக்கான் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அப்புறம் வந்த ஜப்பானிய வண்டிகள் ஷாக்கின் அடியில் லிங்கேஜ் என்ற நெம்புகோல் கூட்டைச் சேர்த்தன. சக்கரம் மேலே ஏற ஏற ஷாக் போகப்போக அதிகமாக அமுங்கும்படி அது செய்கிறது. சிறு கற்களுக்கு மென்மை, பெரிய இறக்கத்துக்கு உறுதி. நம் ஊரில் அதிகம் பார்க்கிற ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், இரண்டிலும் ஒற்றை ஷாக்கும் லிங்கேஜும்தான். கேடிஎம்மின் இஎக்ஸ்சி எண்டியூரோ வண்டிகளில் மட்டும் லிங்கேஜ் இல்லாமல் ஷாக் நேரடியாக ஸ்விங் ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆடும் கையில், நிற்கும்.

இனி அளவு நாடா. சஸ்பென்ஷன் டியூனிங் என்று எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் தொடக்கம் இங்கேதான். வண்டி தன் எடையிலும் ஓட்டுபவர் எடையிலும் எவ்வளவு அமுங்குகிறது என்பதை ரைடர்கள் 'சாக்' (sag) என்பார்கள். ஷாக்கோடு குழம்பாமல் இருக்க, இங்கே அதை இறக்கம் என்றே எழுதுகிறேன்.

மூன்று அளவு எடுக்க வேண்டும். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்திலோ மட்கார்டிலோ ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புள்ளியை மார்க்கரால் வைப்பது நல்லது, ஒவ்வொரு முறையும் அதே இடம் வேண்டும். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, சீட்டை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, யாரும் ஏறாமல் நேராகப் பிடித்தபடி அதே தூரத்தை அளக்க வேண்டும். மூன்றாவதாக, ஹெல்மெட், பூட், பை என்று வழக்கமாகப் போட்டுக்கொண்டு போகும் எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து அளக்க வேண்டும். ஒருவர் முன்னால் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் அளக்க, ஆக ஆட்கள் இரண்டு பேர் தேவை. தனியாகச் செய்தால் அளவு பொய்யாகிவிடும். வண்டியைச் சமாளிக்க ஒரு கால் தரைக்குப் போய்விடும்.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வண்டியின் சொந்த இறக்கம். முதலிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஆளோடு இறக்கம். பொதுவான கணக்கு என்னவென்றால், ஆளோடு இறக்கம் சக்கரத்தின் மொத்த அசைவில் (அது மேலும் கீழும் போகக்கூடிய முழுத் தூரத்தில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சொந்த இறக்கம் பத்தில் ஒரு பங்கு. சாதாரண எக்ஸ்பல்ஸில் பின் சக்கர அசைவு 170 மி.மீ. அப்படியானால் ஆளோடு 50 முதல் 57 மி.மீ., தனியாக 17 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 300 மி.மீ. அசைவுள்ள எண்டியூரோ வண்டிகளில் ஆளோடு 100 மி.மீ. பக்கத்தில் வைப்பது இதே கணக்கில்தான். உங்கள் வண்டியின் மேனுவலில் எண் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கம் கூடவா குறையவா என்று பார்த்து வளையத்தைத் திருப்பலாம். எக்ஸ்பல்ஸில் இது 10 படி கொண்ட வளையம், சி ஸ்பேனர் போதும். போட்டி வண்டிகளில் படிகள் இருக்காது, மரை வெட்டிய உடலில் ஒரு வளையமும் அதைப் பூட்ட இன்னொரு வளையமும் இருக்கும். திருப்பும் முன் மரையில் சிக்கிய மண்ணை பிரஷ்ஷால் நன்றாகத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலுமினிய மரை போய்விடும். லிங்கேஜ் உள்ள வண்டியில் வளையத்தை ஒரு மி.மீ. நகர்த்தினால் சக்கரத்தில் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் தெரியும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

இந்த ஒரு வேலையே ஸ்டீயரிங்கையும் மாற்றிவிடும். பின்பக்கம் அதிகமாக இறங்கி நின்றால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, வளைவில் வண்டி வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். பின்பக்கம் ரொம்ப உயர்ந்து நின்றால் திரும்புவது சுலபமாக இருக்கும், ஆனால் மணலிலும், சரிவில் வேகமாக இறங்கும்போதும் ஹேண்டில் நடுங்கும். முன் சக்கரத்தின் சஸ்பென்ஷனான ஃபோர்க்கைக் குறை சொல்லும் பலருடைய பிரச்சினை பின்னால்தான் இருக்கிறது.

இப்போது ஆளோடு இறக்கத்தைச் சரியாக வைத்துவிட்டோம். இங்கேயே நிறுத்தாமல் சொந்த இறக்கத்தை மறுபடி பாருங்கள். ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருத்தமா என்று சொல்வது இந்த இரண்டாவது எண்தான்.

95 கிலோ எடையுள்ள ஒருவர், 55 மி.மீ. வருவதற்காக வளையத்தை இறுக்கிக்கொண்டே போகிறார். வந்துவிட்டது. ஆனால் அவர் இறங்கிய பின் வண்டி தனியாக 3 மி.மீ.தான் அமுங்குகிறது. அப்படியென்றால் ஸ்பிரிங் அவருக்கு மெலிது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் வளையத்தைத் தளர்த்தித் தளர்த்தி அதே 55க்கு வருகிறார்; அவருடைய வண்டி தனியாகவே 32 மி.மீ. அமுங்குகிறது. அவருக்கு ஸ்பிரிங் கடினம். முதல் தடவை கேட்கும்போது இது எதிர்மாறாகத் தோன்றும். அதிகம் அமுங்கினால் மெலிதுதானே? யோசித்துப் பாருங்கள்: மெலிந்த ஸ்பிரிங் கனமான ஆளைத் தூக்க வேண்டுமானால் அதை முன்கூட்டியே நிறைய அமுக்கி வைத்திருக்க வேண்டும். ஆள் இறங்கியதும் அந்த அழுத்தம் முழுவதும் வண்டியை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்கிறது, அதனால் தனியாக அமுங்க இடமில்லை. கடினமான ஸ்பிரிங்குக்கு முன்னழுத்தம் ஏறக்குறையத் தேவையில்லை, அதனால் வண்டியின் எடைக்கே இறங்கிவிடுகிறது. மெலிந்த ஆள் ஏறினாலும் அதற்கு மேல் பெரிதாக இறங்காது.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு வளையத்தால் இனி ஒன்றும் ஆகாது. ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அதற்கு ஷாக் வெளியே வர வேண்டும். ஷாக்கைக் கழற்ற வேறு நியாயமான காரணங்கள் இரண்டு: ஷாக்குக்குள் போய்வரும் தண்டான ஷாஃப்ட்டின் ஓரம் எண்ணெய் கசிவது, அல்லது தூக்கி நிறுத்திய வண்டியின் பின் சக்கரத்தைக் கையால் மேலே தூக்கினால் 'கடக்' என்று ஆட்டம் தெரிவது. ஆட்டம் பெரும்பாலும் லிங்கேஜ் பேரிங் தேய்ந்ததால் வருவது.

கழற்றுவதில் ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஸ்டாண்டு. பேடாக் ஸ்டாண்டு இதற்கு உதவாது. அது ஸ்விங் ஆர்மைப் பிடித்துத் தூக்குகிறது; வண்டியின் பின்பாதி எடை அப்போதும் ஷாக் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அந்த நிலையில் ஷாக் போல்ட்டை உருவினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும், கை நடுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். எடை வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியில் அது போதும், ஏனென்றால் அது சட்டத்தோடு பொருந்தியது. மற்றவற்றில் இன்ஜினுக்கு அடியில், பாஷ் பிளேட் என்ற பாதுகாப்புத் தகட்டின் உறுதியான இடத்தில், லிஃப்ட் ஸ்டாண்டோ கனமான மரப்பெட்டியோ வைத்து நிறுத்தி, முன்பக்கத்தைக் கயிற்றால் கட்டி வையுங்கள்.

வண்டியை முதலில் நன்றாகக் கழுவுங்கள். சீட், பக்கப் பேனல்கள், வழியை மறைத்தால் சைலன்சர் எல்லாம் வெளியே வரும். மோட்டோகிராஸ் வகை வண்டிகளில் சீட்டைத் தாங்கும் பின் சட்டத்தின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, அதை மேலே சாய்த்துவிட்டால் ஷாக்கின் தலை தெரியும். மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கின்றன, வாஷர் எங்கே என்று கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டைத் தளர்த்திய பின் போல்ட் சுலபமாக வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். தொங்கும் சக்கரத்தின் எடை இன்னும் அந்தப் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டைகளைச் செருகி ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என்று உயர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் போல்ட் விரலால் தள்ளினாலே நகரும். அந்த இடம் கிடைத்தால்தான் மறுபடி மாட்டுவதும் சுலபம். கீழ் போல்ட்டை முதலில் எடுத்து, ஸ்விங் ஆர்மை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் கவனியுங்கள்; சக்கரம் வழக்கத்தைவிடக் கீழே போகும்போது இவைதான் முதலில் இழுபடும். அப்புறம் ஷாக்கை ஒரு கையால் பிடித்தபடி மேல் போல்ட்டை உருவினால் வெளியே வந்துவிடும். ஷாக்கோடு ஒரு தனி டப்பா (ரிசர்வாயர்) குழாயால் இணைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

அந்த டப்பாவில் நைட்ரஜன் இருக்கிறது. ஆஃப்ரோடு ஷாக்குகளில் வழக்கமாக 10 பார் அளவு அழுத்தம், அதாவது உங்கள் டயரில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. அதன் மூடியை வீட்டில் திறப்பது, வெல்டிங் பொறி படும் இடத்தில் ஷாக்கை வைப்பது, வால்வை அழுத்திப் பார்ப்பது எதுவும் வேண்டாம். எண்ணெய் மாற்றம் வெற்றிடத்தில் காற்று நீக்கி நிரப்பத் தெரிந்த கடையின் வேலை. பல குறைந்த விலை ஷாக்குகளைத் திறந்து சரிசெய்யும்படி செய்திருக்கவும் மாட்டார்கள், கசிந்தால் புதிதுதான். ஸ்பிரிங் மாற்றமும் ஷாக்கைப் பொறுத்தது. வளையத்தை முழுவதும் தளர்த்தியதும் ஸ்பிரிங் கையால் ஆடும் அளவுக்கு வந்தால், அடித்தட்டின் கிளிப்பை எடுத்து மாற்றிவிடலாம். படி வளையம் உள்ள ஷாக்குகளில் குறைந்த படியிலும் ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் இருக்கும், ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் தொடவே கூடாது.

ஷாக் வெளியே இருக்கும் நேரம் பொன்னான நேரம். ஸ்விங் ஆர்ம் எந்தத் தடையும் இல்லாமல் மேலும் கீழும் ஆடும். ஆட்டிப் பார்த்து, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா, எங்காவது பிடிக்கிறதா என்று பாருங்கள். லிங்கேஜைப் பிரித்தால் உள்ளே ஊசி பேரிங்குகளும் அவற்றுக்குள் எஃகுப் புஷ்களும் இருக்கும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் குழாய் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே அனுப்பியிருந்தால் பழுப்பு நிறச் சேறு வரும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புஷ்ஷில் பள்ளம் விழவில்லை என்றால் தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாக அடைத்து மாட்டலாம். என்னைக் கேட்டால், சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வண்டியில் கூடுதலாக மாட்டும் ஆக்சஸரி வாங்குவதைவிட ஆண்டுக்கு ஒரு முறை இந்த கிரீஸ் வேலையைச் செய்வது வண்டிக்கு அதிகம் நல்லது. பேரிங் துருப்பிடித்து இறுகிய வண்டியில் எந்த ஷாக்கும் ஹார்டாகத்தான் தெரியும்.

இன்னொன்று செயின். ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது செயினின் இறுக்கம் மாறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். வழக்கமாக அந்த நிலையைப் பார்க்க ஆட்களை ஏற்றி அமுக்க வேண்டும். ஷாக் இல்லாதபோது சக்கரத்தைத் தூக்கி அந்தக் கோட்டில் வைத்தாலே போதும். அங்கே கொஞ்சம் தளர்வு மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் செயின் இழுபட்டு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் நுழைத்து, கடைசியில் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் ஒரு முறை சரிபாருங்கள். புது ஸ்பிரிங் என்றால் இறக்க அளவு மறுபடி முதலிலிருந்து.

டேம்பர் திருகுகள் உள்ளவர்களுக்கு இதற்கப்புறம்தான் வேலை. பெரும்பாலான திருகுகளை வலப்பக்கம் திருப்பினால் தடை கூடும், இடப்பக்கம் குறையும். எதையும் மாற்றும் முன், வலப்பக்கம் முடியும்வரை கிளிக்குகளை எண்ணிக் குறித்துக்கொண்டு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிவில் அழுத்தித் திருகக் கூடாது, உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும்.

ரீபவுண்டு என்பது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகம். தடை குறைவாக இருந்தால் மேட்டைத் தாண்டியதும் சீட் உங்களை எத்தித் தள்ளும். தடை அதிகமானால் வேறு மாதிரி: மாட்டுவண்டித் தடம், வரிசையான சிறு மேடுகள் போன்ற இடத்தில் முதல் இரண்டு மேடு நன்றாக இருக்கும், ஐந்தாவதில் ஹார்டாகிவிடும். காரணம், ஒவ்வொரு மேட்டுக்கும் இடையில் ஷாக் முழுவதும் எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பின்பக்கம் படிப்படியாகக் கீழே போய் மிச்ச அசைவே இல்லாமல் நிற்கிறது. ஹார்டு என்ற அதே புகாருக்கு இங்கே மருந்து ரீபவுண்டைத் தளர்த்துவது.

கம்ப்ரெஷன் அமுங்கும் வேகத்துக்கான தடை. சில ஷாக்குகளில் லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு என்று இரண்டு திருகு இருக்கும். இந்த வேகம் வண்டியின் வேகத்தைக் குறிக்காது, ஷாக்கின் ஷாஃப்ட் நகரும் வேகம். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் அமுங்குவது, அகலமான பள்ளத்தில் இறங்கி ஏறுவது எல்லாம் லோ ஸ்பீடு. பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கூரான கல்லில் சக்கரம் மோதினால் அது ஹை ஸ்பீடு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, இரண்டு கிளிக், அதே பாதை, அதே டயர் காற்று. நீண்ட நேரம் கரடுமுரடில் ஓட்டியதும் எண்ணெய் சூடாகி இளகித் தடை குறைவதால், முதல் ஐந்து நிமிட அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி நேரடியாகப் பொருந்தும். அதில் பின் அசைவு 220 மி.மீ., ஆளோடு இறக்கம் 66 முதல் 73 மி.மீ. வரை போகலாம். சீட் உயரம் 891 மி.மீ. என்பதால் கால் எட்டுவதற்காகப் ப்ரீலோடைத் தளர்த்தி வைக்கும் ஆசை வரும். அதற்கு இதைப் பயன்படுத்தாமல் சீட் ஃபோமைக் குறைத்துக்கொள்வது மேல். பின்பக்கத்தை 10 மி.மீ.க்கு மேல் உயர்த்தியிருந்தாலோ இறக்கியிருந்தாலோ முன் ஃபோர்க்கின் இறக்கத்தையும் அதே நாடாவால் ஒரு முறை அளந்துவிட்டு, ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.